அர்த்தநாரியின் பாதிக் கார்

"என்ஜினை ஆஃப் பண்ணுங்கோ!" என்று கத்தினார் செக்போஸ்ட் காவலர்.

"என்னங்க?" என்று கத்தினார் அர்த்தநாரி.

"ஆஃப்! ஆஃப்!"

"ஆஃப் பண்ணுனா மறுக்கா ஸ்டார்ட் பண்ண ரெண்டு ஆளு வேணுமுங்க! ஒரு கை நீங்க புடிக்கறீங்களா?"

காவலர் தன் சலவைச் சட்டையை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டார். ஆஃப் பண்ணும் யோசனையை அத்தோடு விட்டுவிட்டார்.

அன்று காலை தமிழ்நாடு-கேரளா எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பொள்ளாச்சி பஸ் நின்றது, வைக்கோல் வண்டிகள் நின்றன, ஒரு சிமெண்ட் லாரியும் நின்றது. இத்தனையும் வாயைத் திறக்காமல் நிற்க, சத்தம் முழுக்க அர்த்தநாரியின் கார் போட்டுக்கொண்டிருந்தது. கார் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறோம். முகமும் கதவும் பழைய லேண்ட்மாஸ்டர்தான். ஆனால் பானட் கிடையாது. அந்த இடத்தில், நியாயமாகக் கிணற்று மேட்டில் இருக்க வேண்டிய ஆயில் என்ஜின் ஒன்று, தன் பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு டுபுக் டுபுக்கென்று உட்கார்ந்திருந்தது. அதன் புகைக்குழாய் டிரைவர் ஜன்னலை ஒட்டி ஏறி, கூரைக்கு மேலே ஒரு முழம் நீண்டிருந்தது. குழாயின் உச்சியில் ஒரு தகர மூடி நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தது. பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்ததில் தக்காளிக் கூடைகள் தாராளமாக உட்கார்ந்து வந்தன.

"புதிய உத்தரவு கேட்டோ! மாத்தி வச்ச வண்டியெல்லாம் சித்தூரில் ஹாஜராக்கணும்! இன்ஸ்பெக்டர் நேரில் நோக்கும்! கம்பெனி வச்ச என்ஜின் இல்லெங்கில் வண்டியைப் பிடிச்சு வைக்கும்!"

"எந்த வண்டியைங்க?"

"இந்த வண்டியைத்தான்!"

என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திய கத்தலில் பஸ்ஸிலிருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. அர்த்தநாரியின் கார் மேடு ஏறி, கேரளா பக்கம் இருந்த அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள், செய்தி ஒரு சைக்கிளில் அவரை முந்திக்கொண்டு போய்விட்டது. சைக்கிள்காரர் முந்தும்போது கையை வேறு ஆட்டிவிட்டுப் போனார்.

வீட்டு வாசலில் செல்லாத்தாள் காத்திருந்தாள்.

"ஏனுங்க, காரைப் புடிச்சுட்டுப் போயிருவாங்களாமா?"

"எவன் சொன்னது?"

"ஊரே சொல்லுது. அக்கா ஊட்டுலயும் பேசிக்கறாங்க."

அக்கா வீடு என்றால் அண்ணன் வீடு. அதைக் கேட்டதும் அர்த்தநாரியின் முகம் இருண்டது. கார் போனால் போகட்டும், நடந்து போய்க்கொள்ளலாம். ஆனால் கார் போவதைப் பார்த்து அண்ணன் காளிச்சாமி சிரிப்பாரே, அதை எப்படித் தாங்குவது?

அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். அப்பா காலமானதும் அண்ணன் தம்பி இருவரும் சொத்துப் பிரித்துக்கொண்டார்கள். நிலம் சுலபமாகப் பிரிந்தது, மாடு கன்று பிரிந்தது, வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. கடைசியில் பாக்கி நின்றவை அப்பாவின் லேண்ட்மாஸ்டரும் கிணற்று ஆயில் என்ஜினும். "கார் எனக்கு" என்றார் தம்பி. "அப்படியா, காருக்கு உசிரே இஞ்சினுதான், இஞ்சினு எனக்கு" என்றார் அண்ணன். பேச்சுவார்த்தைக்கு வந்த பெரியவர்கள் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. பசி முற்றியதும் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: காரின் உடம்பு தம்பிக்கு, காரின் என்ஜின் அண்ணனுக்கு, ஆயில் என்ஜின் தம்பிக்கு. எல்லோரும் சரியென்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்கள்.

அண்ணன் கார் என்ஜினைக் கொண்டுபோய்க் கிணற்று மேட்டில் பூட்டித் தண்ணீர் இறைத்தார். தம்பி கிணற்று என்ஜினைக் காரில் பூட்டி ஊர்வலம் விட்டார். முதல் நாள் கார் தெருவில் வந்தபோது காளிச்சாமி வாசலில் நின்று, "ஆரோ மாவு மில்லை ஓட்டீட்டுப் போறாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அன்றோடு அர்த்தநாரி அண்ணனிடம் பேச்சை நிறுத்தினார். அப்புறம் வந்தது பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறிய வருஷம். ஊரில் காருக்கே பெட்ரோல் ஊற்றப் பயந்தபோது, காளிச்சாமி கரும்புக்குப் பெட்ரோல் ஊற்றித் தண்ணீர் பாய்ச்சவேண்டி வந்தது. இப்போது சிரிக்கும் முறை தம்பியுடையது. "கரும்பு சீமைச் சாராயமா குடிக்குது" என்றார், சுவருக்கு அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி.

அப்படியாக ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் இரண்டு ஆண்பிள்ளைகள் பேசாமல் வருஷக்கணக்கில் இருந்தார்கள். பெண்பிள்ளைகள் மட்டும் சுவருக்கு மேலே குழம்பும் செய்தியும் தாராளமாகப் பரிமாறிக்கொண்டார்கள்.

"பேசாம உங்கண்ணங்கிட்டப் போயி இஞ்சினைக் கேளுங்க" என்றாள் செல்லாத்தாள்.

"அதுக்கு நான் காரைக் கெணத்துல தள்ளீருவேன்."

"கெணறும் அவுங்க பங்குங்க."

அர்த்தநாரி காரைத் திருப்பிக்கொண்டு மெக்கானிக் வேதமுத்துவின் பட்டறைக்குப் போனார்.

வேதமுத்துதான் இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவர். காருக்கும் ஆயில் என்ஜினுக்கும் பொருத்தம் பார்த்து, ஒத்துவராத இடத்தையெல்லாம் அறுத்து, வெல்டிங் வைத்து முடித்தவர். தன் வேலையைக் குறை சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"இன்ஸ்பெக்டரு என்னத்தைப் பாக்கப் போறாரு? வெளியில தெரியறதைத்தானுங்க. தெரியாம பண்ணீட்டா முடிஞ்சது. தகரத்துல ஒரு பானட் அடிச்சு மூடிப்போடலாம். புகைக்குழாயை மடக்கி வண்டிக்கு அடியில வுட்டுறலாம்."

"சத்தம்?"

"ஹார்ன் அடிச்சுட்டே போங்க."

இரண்டே நாளில் தகரப் பானட் வந்தது, பச்சை பெயின்ட் வந்தது, புகைக்குழாய் கண்ணுக்குத் தெரியாமல் போனது. தூரத்திலிருந்து பார்த்தால் கார் மாதிரியே இருந்தது. அர்த்தநாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செல்லாத்தாளை மஞ்சள் சேலை கட்டச் சொல்லி, பக்கத்து ஊர் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மடக்கிய புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று வேதமுத்து யோசித்திருக்கலாம். அது பின்பக்கப் பலகையின் இடுக்குக்கு நேர் கீழே முடிந்தது. பாதி வழியில் பின்னாலிருந்து இருமல் கேட்டது. "கண்ணாடியைத் தொற, காத்து வரட்டும்" என்றார் அர்த்தநாரி, திரும்பிப் பார்க்காமல். அப்புறம் இருமலும் நின்றுவிட்டது. கோயில் வாசலில் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து முதலில் புகை இறங்கியது, பின்னால் செல்லாத்தாள் இறங்கினாள். சேலை எந்த நிறத்தில் கட்டிவந்தாள் என்பதை இனிச் சாட்சி வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். பூசாரி ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு வழிவிட்டார்.

திரும்பி வரும்போது செல்லாத்தாள் நடந்தே வந்தாள். கார் அவளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது.

"ஏறிக்க புள்ளே."

"என்னைப் பேச வெக்காதீங்க."

"குழாயை நேரா பண்ணீரலாம்."

"மொதல்ல உங்க ரோசனையை நேரா பண்ணுங்க!"

அர்த்தநாரி ரோசனையை நேராக்கிப் பார்த்தார். அன்று இரவு சோறு கிடைக்காததில் தெளிவான ஒரு ரோசனை வந்தது. உத்தரவு கேரளா உத்தரவு. அவருடைய தென்னந்தோப்பு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருந்தது. காரைக் கொண்டுபோய்த் தோப்பில் விட்டு மேலே தென்னை ஓலை போட்டு மூடிவிட்டால், சித்தூர் இன்ஸ்பெக்டர் ஓலையைத் தூக்கிப் பார்க்கவா வருவார்? உத்தரவு சூடு ஆறினதும் மெல்ல வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை, வழக்கம்போல் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு, செக்போஸ்ட்டில் கூட்டமாக இருந்த நேரம் பார்த்து, லாரி ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு அர்த்தநாரி எல்லையைக் கடந்தார். முழுதாகக் கடக்கவில்லை, பாதி கடந்தார். தகரப் பானட்டுக்குள் காற்றில்லாமல் வெந்துகொண்டிருந்த ஆயில் என்ஜின், எல்லைக் கல்லுக்கு நேராக ஒரு பெரிய ஏப்பம் விட்டு நின்றுவிட்டது.

கேரளா காவலர் பின்பக்கம் வந்து நின்றார், தமிழ்நாட்டுக் காவலர் முன்பக்கம் வந்து நின்றார்.

"எடுங்க வண்டியை! இது தமிழ்நாடு" என்றார் முன்பக்கத்துக்காரர்.

"பின்னாடி எடுக்காதீங்கோ, இது மாத்தி வச்ச வண்டி, இங்கே கொண்டுவந்தால் பிடிக்கும்" என்றார் பின்பக்கத்துக்காரர்.

"அப்ப புடிச்சுக்குங்க. உங்க நம்பர் பிளேட்டுதான."

"குற்றம் என்ஜின்மேல் ஆக்கும். என்ஜின் நிங்களுடைய பக்கம் இருக்கு."

"அப்ப தக்காளி?"

"தக்காளி எங்களுடேது. அதில் கேஸ் ஒண்ணும் இல்லை."

வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டின. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு மாநிலத்துக்காகவும் பிரிந்து நின்று யோசனை சொன்னார்கள். ஒருவர், வண்டியை நடுவில் அறுத்துவிட்டால் யாருக்கும் வம்பில்லை என்றார். ஏற்கெனவே ஒரு தரம் பங்கு போட்ட வண்டி அது என்று அவருக்குத் தெரியாது.

கடைசியில் தமிழ்நாட்டுப் பக்கம் ஆள் அதிகம் சேர்ந்ததால் கார் கேரளாவுக்குள் தள்ளப்பட்டது. கேரளா காவலர் இந்த முறை வாய்ப்பேச்சோடு விடவில்லை. வருகிற வியாழக்கிழமை காலை சித்தூர் மைதானத்துக்கு வண்டி வர வேண்டும், வராவிட்டால் வியாழன் மாலை லாரி வந்து தூக்கிப்போகும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஒளிஞ்சு கடக்கப் பார்த்ததையும் நான் இன்ஸ்பெக்டரிடம் பறயும் கேட்டோ" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையும் சேர்த்தார்.

இனி ஒரே வழிதான். அர்த்தநாரி அன்று சாயங்காலம் சட்டையை மாற்றினார், மறுபடி பழைய சட்டையையே போட்டார், வெளியே போனார், திரும்பி வந்தார். கடைசியில், "செல்லா, நீயும் வா" என்றார்.

காளிச்சாமி தொழுவத்தில் எருமைக்குத் தவிடு காட்டிக்கொண்டிருந்தார். தம்பி வாசல் தாண்டி வருவதைப் பார்த்ததும் கை ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. எருமையின் காதருகே குனிந்தார்.

"ஏனாத்தா, நம்ம ஊட்டுக்கு ஆரோ வந்திருக்கறாப்பல இருக்குது. என்ன சோலின்னு கேளு."

அர்த்தநாரி மனைவி பக்கம் திரும்பினார். "செல்லா, ஒரு இஞ்சினு விசயமா வந்தோம்னு அந்த எருமைகிட்டச் சொல்லு."

"நான் எருமைகிட்டப் பேசறதுக்கா உங்களைக் கட்டீட்டு வந்தேன்?" என்றாள் செல்லாத்தாள். அண்ணி மயிலாத்தாள் அடுப்படி வாசலில் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எந்த இஞ்சினுன்னு கேளாத்தா. சீமைச் சாராயம் குடிக்கற இஞ்சினா?"

"ஆமான்னு சொல்லு. அப்ப என்னமோ வாய் தவறிச் சொல்லியிருப்போம்னும் சொல்லு."

எருமை தவிட்டுக்காகத் தலையை ஆட்டியது. காளிச்சாமி அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"இஞ்சினைத் தரோம். பதிலுக்கு ஆயில் இஞ்சினு இங்க வரோணும். எறக்கறதுக்கும் ஏத்தறதுக்கும் கூலியாளை வுடக் கூடாது. கேக்க வந்தவியளே வந்து தோள் குடுக்கோணும். சம்மதமான்னு கேளாத்தா."

"சம்மதம்னு சொல்லு!" என்றார் அர்த்தநாரி, நேரே எருமையிடமே.

மறுநாள் வேதமுத்து வந்து இரண்டு என்ஜினையும் கழற்றினார். கார் என்ஜினைச் சங்கிலியில் கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிட்டார்கள். கழியின் ஒரு முனை அண்ணன் தோளில், மறுமுனை தம்பி தோளில். முகத்துக்கு முகம் பார்த்தபடி கிணற்று மேட்டிலிருந்து இறங்க வேண்டும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

"வேதமுத்து, முன்னால போறவியளை மெதுவாப் போகச் சொல்லு."

"வேதமுத்து, பின்னால வாறவியளை வெசையா வரச் சொல்லு."

"சொல்றனுங்க, சொல்றனுங்க" என்று வேதமுத்து குறுக்கும் நெடுக்கும் ஓடினார்.

வாய்க்கால் மேட்டில் சங்கிலி நழுவியது. என்ஜின் ஒரு பக்கமாகச் சரிந்து, நேராகக் காளிச்சாமியின் கால் பக்கம் இறங்கியது.

"அண்ணா! காலு! காலை எடுங்கண்ணா!"

காளிச்சாமி காலை எடுத்துவிட்டார். என்ஜின் சேற்றில் பொத்தென்று விழுந்தது. அர்த்தநாரிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. என்ஜின் விழுந்ததற்கா, வாயிலிருந்து விழுந்த வார்த்தைக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

"அடி படலீங்களா?" என்றார் மெதுவாக.

"இல்லடா" என்றார் காளிச்சாமி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கழியைப் புடி, சாயங்காலத்துக்குள்ள பூட்டோணும்" என்றும் சொன்னார்.

லேண்ட்மாஸ்டருக்கு அதன் உயிர் திரும்பி வந்தது. பழைய பானட்டைக் கோழிக்கூண்டின் மேலிருந்து எடுத்து மாட்டினார்கள். சாவியைத் திருப்பியதும் கார் சத்தமே இல்லாமல் நடுங்கியது. அது ஓடுகிறதா இல்லையா என்று அர்த்தநாரி இறங்கிப் போய்ப் பார்த்தார். அத்தனை வருஷம் டுபுக் டுபுக் கேட்டுப் பழகிய காது.

வம்பு கிணற்று மேட்டில் காத்திருந்தது. ஆயில் என்ஜினைக் காருக்குள் நுழைப்பதற்காக அன்றைக்கு வேதமுத்து அதன் தண்டை அறுத்துக் குட்டையாக்கியிருந்தார். இப்போது அந்தக் குட்டைத் தண்டில் பம்ப்புக்கான கப்பி ஏறவில்லை. கோயமுத்தூருக்குப் போய்ப் புதுத் தண்டு கடைந்து வரவேண்டும், ஆள் இல்லை, வாரம் முழுக்க ஆகும் என்றார் வேதமுத்து. காளிச்சாமியின் கரும்பு ஏற்கெனவே நுனி சுருண்டு நின்றது.

அர்த்தநாரிக்குக் குற்றமாக இருந்தது. தன் காருக்காக அண்ணன் கரும்பு காய்வதா?

"அண்ணா, காரைக் கெணத்து மேட்டுக்கு ஓட்டீட்டு வாறேன். பின்சக்கரம் ஒண்ணைத் தூக்கி நிறுத்தி, டயரைக் கழட்டிப்போட்டு, பெல்ட்டு மாட்டிரலாம். சக்கரம் சுத்துனா பம்ப்பும் சுத்தும்."

"காரு கெட்டுப் போயிராதாடா?"

"கெட்டா நம்முளுதுதான, கெட்டுப் போகட்டும்" என்றுவிட்டார் அர்த்தநாரி. சொன்ன பிறகுதான் ‘நம்முளுது’ என்று சொன்னது அவருக்கே உறைத்தது.

ஆக, கார் கிணற்று மேட்டில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்று தண்ணீர் இறைத்தது. இன்ஸ்பெக்டர் இந்தக் கோலத்தில் அதைப் பார்த்திருந்தால் உத்தரவில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்திருப்பார். அர்த்தநாரி உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். காளிச்சாமி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மடையைப் பார்த்துக்கொண்டார். கார் ஓரடி நகராமல் இருவரும் நாள் முழுக்கப் பயணம் போனார்கள். போகிற வழியில் எத்தனையோ பேச்சு வந்தது. யார் வீட்டுக் கண்ணாலம், எந்தக் காளைக்கு விலை, பேசாமல் இருந்த காலத்தில் யாருக்கு என்ன காய்ச்சல். மத்தியானம் மயிலாத்தாள் கேழ்வரகுக் களியும் கீரையும் காருக்கே கொண்டுவந்து ஜன்னல் வழியே கொடுத்தாள்.

"நங்கை, நீங்க வெக்கற கீரை சுவரைத் தாண்டி வாறப்பவே எனக்குத் தெரியுமுங்க" என்றார் அர்த்தநாரி அண்ணியிடம்.

"தெரிஞ்சுதான் தட்டைத் தொடைச்சுத் தின்னீங்களாக்கும்!" என்றாள் அவள்.

ஒரு கவலை மட்டும் அர்த்தநாரியை விடவில்லை. வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. சேற்றில் விழுந்த என்ஜின், கிணற்றில் உழைத்த சக்கரம், போன போக்கில் ஒட்டவைத்த வெல்டிங். இதையெல்லாம் பார்த்து இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டால்?

"புடிச்சுட்டாங்கன்னா என்னண்ணா பண்றது?"

"நான் கூட வாறேன். இஞ்சினு என்னுது, நான் பேசறேன்" என்றார் காளிச்சாமி. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னொரு தரம் கூட காரைப் பிரிக்கலாம் போலிருந்தது தம்பிக்கு.

வியாழக்கிழமை சித்தூர் மைதானம் திருவிழா மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் இத்தனை உருமாறிய வண்டிகள் இருப்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பின்பக்கத்தை அறுத்து ரொட்டிப் பெட்டி ஏற்றிய கார் ஒன்று. மூக்கை நீட்டிப் பதினைந்து பேரை அடைக்கிற ஜீப் ஒன்று. ஒரு காரின் கூரை முழுக்க நாடகக் கொட்டகை ஒலிபெருக்கிகள். எல்லாவற்றுக்கும் நடுவே லேண்ட்மாஸ்டர், கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன் நிற்கிற மாதிரி தலைகுனிந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் துரைசுவாமி கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி.

"ஓய், நீர்தானே அன்னைக்கு எல்லைக் கல்லு மேலே வண்டியை நிறுத்தினவர்?"

"அதுவா நின்னுபோச்சுங்க சாமி."

"பானட்டைத் தெறவும், பாப்போம்."

அர்த்தநாரி பானட்டைத் தூக்கினார். துரைசுவாமி குனிந்தார். உள்ளேயிருந்து ஒரு தவளை தாவி அவர் கண்ணாடியில் மோதி, சட்டைப் பாக்கெட்டில் ஒரு நிமிஷம் இளைப்பாறி, புல்லில் குதித்துப் போனது. இத்தனை வருஷம் கிணற்று மேட்டில் என்ஜினோடு வாழ்ந்த தவளை.

மைதானம் முழுக்கத் தவளை போன திசையையே பார்த்தது.

"இது கம்பெனி வச்சதா, நீர் வச்சதா?" என்று கேட்டார் துரைசுவாமி, கண்ணாடியைத் துடைத்தபடி.

"அது… தானா வந்ததுங்க சாமி."

"என் தம்பி தவளையெல்லாம் வெக்க மாட்டானுங்க" என்று காளிச்சாமி குறுக்கே வந்தார். "நல்ல பையனுங்க. இஞ்சினு நம்பரைப் பாருங்க, எங்கப்பன் வாங்குனப்ப இருந்த அதே நம்பரு."

துரைசுவாமி நம்பரைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார், பிரேக்கை மிதித்தார், ஹார்னை அமுக்கினார். ஹார்ன் சேறு கரகரக்கப் பாடியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரிஜினலாக்கும். பேஷாயிருக்கு, கொண்டு போகும்" என்றார்.

அர்த்தநாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அண்ணா, பொழைச்சோம்!" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். காளிச்சாமி, "இரு, எல்லாத்துக்கும் டீ வாங்கியாறேன்" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைப் பக்கம் வேகமாக நடந்தார்.

தனியே நின்ற அர்த்தநாரி சாவகாசமாக வேடிக்கை பார்த்தார். ரொட்டிக் கார் வந்தது. இன்ஸ்பெக்டர் பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கொண்டு போகும் என்றார். நீட்டின ஜீப் வந்தது. பிரேக், விளக்கு, கொண்டு போகும். அந்த ஒலிபெருக்கிக் காரைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பிவிட்டார். பார்க்கப் பார்க்க அர்த்தநாரிக்கு வயிறு எரிந்தது. இன்ஸ்பெக்டர் ஆபீஸ் பியூன் பிச்சைமணி அந்தப் பக்கமாக வந்தார். கோபாலபுரத்துக்காரர், தெரிந்த முகம். அவரைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க பிச்சைமணி, இதென்ன நாயம்? அந்தக் காரையெல்லாம் பாதி அறுத்து வெச்சிருக்கறாங்க, அதை வுட்டுட்டாங்களே?"

"உத்தரவை மாத்திப்போட்டாங்களேங்க. முன்னாடியே மாத்தி வெச்ச பழைய வண்டிக்கெல்லாம் ஒண்ணும் இல்லை, பிரேக்கும் லைட்டும் இருந்தாப் போதும். புதுசா மாத்துனாத்தான் புடிப்பாங்க."

"அட கெரகமே! அப்ப எம்பட ஆயில் இஞ்சினு?"

"அப்புடியே ஓட்டீட்டு வந்திருக்கலாமுங்க."

அர்த்தநாரிக்குப் புகை, எல்லைக் கல், எருமை, சேறு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து போயின. "ஊருக்கெல்லாம் சொன்னவரு எங்கிட்ட மட்டும் ஏனுங்க சொல்லாம வுட்டீங்க?" என்று பிச்சைமணியின் மேல் பாய்ந்தார்.

"சொல்லாம இருப்பனுங்களா? மாத்துன உத்தரவு வந்த அன்னிக்கே சைக்கிள்ல உங்க கெணத்து மேட்டுக்கு வந்தேன். உங்கண்ணன்தான் வரப்புலயே மறிச்சு, ‘எந்தம்பி இப்பத்தான் எங்கூடப் பேச ஆரம்பிச்சிருக்கறான், வியாழக்கிழமை வரைக்கும் இதை அவங் காதுல போட்டுறாத சாமி’ன்னு எம்பட ரெண்டு கையையும் புடிச்சுட்டாருங்க!"